விருந்தாளி யார்? ஒரு சுவர்ப் பலகையைப் படித்தல்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் கிறிஸ்தவ வீடுகளுக்குப் போய் வந்தவங்க இந்தப் பலகையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஹாலில் டிவிக்கு மேலேயோ, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாடியோ மாட்டியிருக்கும். மரத்தில் எழுத்தைச் செதுக்கியது, கண்ணாடியில் அச்சடித்தது, வெல்வெட் துணியில் ஜரிகை ஒட்டியது என்று பல வகை உண்டு. அதில் மூன்று செய்திகள் இருக்கும். இந்த வீட்டின் தலைவர் கிறிஸ்து. சாப்பிடும்போதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தினரும் அவர். இங்கே பேசுவதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவரும் அவரே.

பலர் இதை வேத வசனம் என்றே நினைக்கிறாங்க. பைபிளில் தேடினால் கிடைக்காது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் வீடுகளில் எழுதியவர் பெயரில்லாமல் தொங்கிய வாசகம், தமிழாகி இங்கே வந்திருக்கு. பாட்டுப் புத்தகத்திலும் கிடையாது, பிரசங்கத்திலும் அதிகம் வராது. ஆனாலும் விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையின் நடுவில் வைப்பது எப்படி என்று நம்ம வீடுகளில் தினமும் கண்ணில் படுகிற எழுத்து இதுதான். அதனால் ஒரு கவிதையையோ கதையையோ படிப்பது மாதிரி இதையும் வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் இதன் பங்காளிகள். வாசலில் 'எபிநேசர் இல்லம்', 'பெத்தேல்' என்று வீட்டுப் பெயர். பைக்கிலும் காரிலும் இது இயேசு கொடுத்த பரிசு என்கிற ஸ்டிக்கர். புது வருஷ ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, பீரோ கண்ணாடியில் செருகியபடி டிசம்பர் வரை இருக்கும். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில் பேசுகின்றன: எனக்கு என்ன கிடைத்தது, எனக்கு என்ன கிடைக்கப்போகிறது. தப்பில்லை. லோன் போட்டுக் கட்டிய வீட்டுக்கு நன்றி சொல்வதில் என்ன தப்பு? ஆனால் அந்த வீட்டுக்குள் எப்படி வாழணும் என்று அவை எதுவும் கேட்பதில்லை. மூன்று வரிப் பலகை கேட்கிறது. அந்த விதத்தில் அது தன் பங்காளிகளைவிட ஒரு படி மேல்.

தலைவர்

முதல் வரியை அதன் பொருளில் எடுத்துக்கொண்டால் பெரிய விஷயம். தலைவர் நாற்காலி ஏற்கெனவே நிரம்பிவிட்டது. வீட்டில் வேறு யாரும் அதில் உட்கார முடியாது. அப்பா, தாத்தா, மூத்த அண்ணன், அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பும் மகன், யாராக இருந்தாலும் சரி.

நடப்பில் அப்படியா இருக்கு? தலைவர் ஊரில் இல்லாதபோது பொறுப்பு அதிகாரி கையெழுத்துப் போடுவது மாதிரி, கிறிஸ்துவின் பெயரில் அப்பா கையெழுத்துப் போடுகிறார். எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் மனைவிக்குச் சொல்லப்படும் 22-ஆம் வசனம் எல்லாக் கல்யாணத்திலும் கேட்கும். அதற்கு முந்தின 21-ஆம் வசனம் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25-ஆம் வசனம் புருஷனிடம் உயிரையே கேட்கிறது. அவை அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது மாநில அரசே 'குடும்பத் தலைவி' என்று சொல்லி மாதம் 1000 ரூபாய் போட்டது. பலகை மாட்டிய எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல் இன்னும் வாய்க்கு வரவில்லை.

கேட்பவர்

மூன்றாவது வரியை இரண்டாவதற்கு முன்னால் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்வது குறைவு. எல்லாப் பேச்சையும் கேட்கும் மௌன சாட்சி. இது பிள்ளைகள் மேல், முக்கியமாக மருமகள் மேல், பிரயோகிக்கப்படும் வரி. 'ஆண்டவர் கேட்டுக்கிட்டுதான் இருக்கார், வார்த்தைய அளந்து பேசு.' சிசிடிவி கேமரா வருவதற்கு முன்னாலேயே நம்ம வீடுகளில் இருந்த சிசிடிவி.

ஆனால் அதே ஹாலில், அதே பலகைக்குக் கீழே, தரகரோ சித்தப்பாவோ ஒரு வரன் கொண்டுவரும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: 'நம்ம ஆளுங்கதானே?' எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தாச்சா, குடும்ப ஜெபம் உண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்க. சபைப் பெயரும் சாதிப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மௌன சாட்சி அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் மௌனமாக இருப்பது அந்த இடத்தில் எல்லாருக்கும் வசதியாக இருக்கு.

விருந்தினர்

இப்போது நடு வரி. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் சாது. சாப்பிடும் முன் ஜெபம் பண்ணு, தட்டில் வீணாக்காதே, மேஜையில் சண்டை போடாதே. அவ்வளவுதானே?

தமிழில் அவ்வளவு இல்லை. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளியலில் புதிதாகப் புனையும் யாப்பு வகைக்கே விருந்து என்றுதான் பெயர். புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர், அவர்தான் விருந்தினர். இல்லறத்தான் பேண வேண்டியவர்களைப் பட்டியல் போடும் குறளில் விருந்தும் சுற்றமும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. மாமா, அத்தை, சம்பந்தி வந்தால் அது சுற்றம். விருந்தோம்பல் என்று ஒரு முழு அதிகாரம், ஒன்பதாவது அதிகாரம், எழுதப்பட்டது தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவது பற்றி.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் ஏறத்தாழ இதே பிரிவினைதான். விருந்து வைத்தால் நண்பரை, சொந்தக்காரரை, வசதியான அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடாதே, அவங்க திருப்பிச் செய்துவிடுவாங்க. ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூப்பிடு என்கிறார். 24-ஆம் அதிகாரத்தில், எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்கள் ஒரு வழிப்போக்கரை வற்புறுத்தித் தங்க வைக்கிறார்கள். யாரென்றே தெரியாமல்தான் கூப்பிட்டார்கள். அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது.

ஆக, கண்ணுக்குத் தெரியாத விருந்தினர் என்பதைத் தமிழில் ஒழுங்காகப் படித்தால், காலியாக ஒரு நாற்காலி போட்டு வைப்பது என்று பொருள் வராது. கண்ணுக்குத் தெரிகிற புது ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்வி வரும். பலகையில் மிகக் கடினமான வரி இது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் கதையில் விசுவாசம் திரும்பத் திரும்ப முட்டி நின்ற இடமும் இந்தச் சாப்பாட்டு இலைதான்.

இலையின் கதை

1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1718-ல் எழும்பிய புது எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் இருந்தது. அதற்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். தஞ்சை மன்னர் படையில் சிப்பாயாக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கன், ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்தவர். 1733-ல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் வேளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பது தடையாக நின்றது. நற்கருணையும் ஒரு விருந்துதானே?

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் நண்பர், 'சுவிசேஷக் கவிராயர்' என்று பட்டம் பெற்றவர். கிறிஸ்தவத்தைத் தமிழ் வாழ்க்கையின் நடுவில் கொண்டுவந்து வைத்ததில் அவருக்கு இணையாக எந்த மிஷனரியையும் சொல்ல முடியாது. குறத்தி வாயில் சுவிசேஷத்தை வைத்து 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். நாடகம், கும்மி, மாலை என்று அன்றைய மக்கள் வாயில் புழங்கிய வடிவங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் ஆவடியில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் யாராவது ராகம் போட்டுப் பழைய கீர்த்தனை பாடினால் அது அவருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதே சாஸ்திரியார்தான் 1820-களில், தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் சாதி பார்க்காமல் சேர்ந்து உட்காரச் சொன்னபோது கடுமையாக எதிர்த்தார். தமிழ் பைபிளைத் திருத்தாதே, ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை எடுக்காதே, விசேஷங்களில் பூவைத் தடுக்காதே என்று அவர் வைத்த வழக்குகளில் நியாயம் இருந்தது. அதே பட்டியலில் சாதிகளைக் கலக்காதே என்பதும் இருந்தது. சாதி மத விஷயமில்லை, சமூக வழக்கம் என்பது அவர் தரப்பு வாதம். அதற்கென்றே 1829-ல் ஒரு நூலும் எழுதினார்.

இதை வைத்து அவரைக் குப்பையில் போடுவது சுலபம். அன்றைய வெள்ளைக்கார மிஷனரிகளும் தங்கள் வீட்டு வேலைக்காரரைத் தங்கள் மேஜையில் உட்கார வைத்துச் சாப்பிட்டவர்கள் இல்லை. அவரது கோபத்தில் அந்தக் காரணமும் கலந்திருக்கலாம். ஆனாலும் அவரிடமிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றிருக்கு. விசுவாசத்தை வாழ்க்கையின் மையத்தில் வைப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதையெல்லாம் அவர் செய்தார்: நாள் முழுக்க ஜெபம், நாவில் எப்போதும் பாட்டு, வீடு முழுக்க வேதம். அத்தனையும் இருந்தும், பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்ற கேள்விக்கு அந்த மையம் போய்ச் சேரவில்லை. பக்தியின் அளவு கூடினால் அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்களுக்குச் சாஸ்திரியார்தான் பதில்.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனே முழுதாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். 1850-ல் மெட்ராஸ் மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது: யார் சமைத்ததானாலும் சாப்பிடத் தயாராக இருப்பவருக்கே ஞானஸ்நானம் என்று தீர்மானம் போட்டது. சேர்ந்து சாப்பிடுவது பரீட்சை ஆனது. மிஷனரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே பந்தியில் ஒரு வாய் சோறு.

இந்தப் பரீட்சையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வலி எங்கே இருக்கு என்று அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆதித் திருச்சபையின் முதல் பெரிய தகராறுகளில் ஒன்றும் இதுதான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார்; பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் பரீட்சைக்காகச் சாப்பிடுவது வேறு, விருந்து வேறு. பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். பலகை எல்லா வேளைச் சாப்பாட்டையும் பற்றிப் பேசுகிறது.

வேறு விதமாக முயன்றவர்களும் உண்டு. ஆவடி வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் ஜோலார்பேட்டை தாண்டினால் திருப்பத்தூர். அங்கே 1921-ல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்ற வெள்ளைக்கார டாக்டரும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஒரே கூரை, ஒரே சாப்பாடு, கதர் உடை, ஏழைகளுக்கு வைத்தியம். ஆள்கிற இனத்துக்காரனும் ஆளப்படுகிறவனும் அண்ணன் தம்பியாக வாழ்ந்து காட்டிய இடம். அந்தப் பந்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் துறவிகள். ஆசிரமத்தில் வரன் பார்க்கும் பேச்சு இல்லை. வீடு என்பது அதைவிடக் கஷ்டமான இடம். அங்கே சோற்றுக்குப் பின்னால் சொத்து, சொத்துக்குப் பின்னால் சம்பந்தம் என்று வரிசையாக நிற்கும்.

அந்தக் கஷ்டம் பழங்கதை இல்லை. 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு', கிறிஸ்தவத்துக்குள் தலித் வாழ்க்கை எப்படி இருக்கு என்பதைக் கன்னியர் மடம் வரைக்கும் போய்ச் சொன்னது. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட தகராறு முற்றிக் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

கேன்டீனும் அசனமும்

நம்ம மேற்குப் புறநகருக்கு வருவோம். இங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. அம்பத்தூரில் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை எழும்பியது. ஆவடியில் 1961-ல் டாங்கித் தொழிற்சாலை. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில், வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிறிஸ்தவர்களும் அதில் நிறைய. ஊரில் தெருவே சாதியைச் சொல்லிவிடும். இங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்தது சம்பள கிரேடு பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை அலாட்மென்ட் ஆர்டர் முடிவு செய்தது.

சாப்பாடும் அப்படியே. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருந்தது. யார் சமைத்தது என்று கேட்காமல், யார் பக்கத்தில் என்று பார்க்காமல், அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்து போகணும். 1850-ல் மிஷனரிகள் பரீட்சை வைத்து வாங்க முயன்றதை ஷிப்ட் சைரன் சும்மா வாங்கிவிட்டது.

சபைகளும் தங்கள் பங்குக்குச் செய்தன. நெல்லைக்காரர்கள் கூடவே கொண்டுவந்த அசனம் இங்கேயும் நடக்கிறது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் பெரிய அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்க, வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் ஒரே சோறு. ஐக்கிய விருந்து என்று சொல்லியே கூப்பிடுவார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கு.

அப்போ பிரச்சனை தீர்ந்ததா? கேன்டீனில் விருந்தினர் இல்லை, எல்லாரும் டோக்கன் வைத்திருப்பவர்கள். அசனத்தில் விருந்து கொடுப்பது சபை, நானில்லை. இரண்டிலும் என் வீட்டுக் கதவு திறக்கவில்லை. இருபது வருஷம் ஒரே கேன்டீனில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டு, ஒரே அசனத்தில் இலை போட்டு உட்கார்ந்த இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் இரண்டும் ஒருத்தரையொருத்தர் விரும்பினால் மட்டும் திடீரென்று ஊர்க்காரர்களாக மாறிவிடுவதை இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே பாஸ்டர், ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது முன் வரிசை காலியாக இருக்கும்.

கல்யாணத்தைச் சொந்த விருப்பம், அதில் விசுவாசம் தலையிடக் கூடாது என்று சிலர் சொல்வாங்க. வேலைக்கு ஜெபம், வீடு வாங்க ஜெபம், பிள்ளை பரீட்சைக்கு உபவாசம் என்று எல்லாவற்றிலும் விசுவாசத்தைத் தலையிட விட்டவர்கள் இதைச் சொல்லும்போதுதான் உதைக்கிறது. மையம் என்றால் வட்டத்தின் எல்லாப் புள்ளியிலிருந்தும் ஒரே தூரம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் எட்டாமல் போனால் அது மையமில்லை, ஓரமாக வைத்த ஒரு புள்ளி.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் நியாயமானது. இந்தக் காலத்தில் தெரியாத ஆளை வீட்டுக்குள் எப்படி விடுவது? முகப்பேர், அம்பத்தூர் அடுக்குமாடிகளில் கேட்டிலேயே செயலி வழியாக அனுமதி கேட்கிறான். பார்சல் கொண்டுவரும் பையன் வாசலுக்கு வெளியே நின்றே போய்விடுகிறான். பயம் நிஜம்தான். ஆனால் புது ஆள் என்பவர் முழுக்கத் தெரியாதவராகத்தான் இருக்கணும் என்றில்லை. தொழிற்பேட்டையில் ஒரே ரூமில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களின் முகம் தெரியும், பெயர்தான் தெரியாது. வீட்டில் பாத்திரம் கழுவும் அக்காவின் பெயர் தெரியும், அவங்க டம்ளர் மட்டும் தனியாக இருக்கும். சபையில் பின் வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போகும் குடும்பத்தைப் பத்து வருஷமாகத் தெரியும், அவங்க வீடு எந்தத் தெரு என்று தெரியாது.

அதோடு சமையலறைப் பக்கமும் ஒரு கேள்வி இருக்கு. விருந்தோம்பல் என்று ஆண்கள் எழுதும்போதெல்லாம் சமைப்பது யார் என்ற வரி விட்டுப்போகும். நடு வரியைச் சரியாகச் செய்கிறேன் என்று முதல் வரியின் பொறுப்பு அதிகாரி நாலு பேரைக் கூட்டி வந்துவிட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டால், பாரம் முழுக்க ஒருத்தி தலையில். மார்த்தாள் அடுப்படியில் புலம்பியதற்குக் காரணம் இருந்தது. பாத்திரம் கழுவ வருகிறவரே வீட்டுத் தலைவர் என்று வைத்துக்கொண்டால் முதல் வரியும் கொஞ்சம் அர்த்தப்படும். சீடர்களின் காலைக் கழுவினவரைத்தானே அந்த வரி தலைவர் என்கிறது.

ஆகப் பலகையைப் பற்றி என் தீர்ப்பு இது. எழுத்தாக இது சுமார். மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. மூன்று வரியில் இரண்டு, அதிகாரத்துக்கும் கண்காணிப்புக்கும் சுலபமாக வளைந்து கொடுக்கின்றன. நம் வீடுகளில் வளைத்தும் இருக்கிறோம். நடு வரி மட்டும் வளையவில்லை, காரணம் அதை யாரும் தொடவேயில்லை. தமிழில் 'விருந்தினர்' என்று பெயர்த்த கை, தெரிந்தோ தெரியாமலோ, ஆங்கிலத்தைவிடக் கனமான ஒரு சொல்லை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கு.

வருகிற பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில் உங்க பக்கத்து இலையில் உட்காருகிறவர் யாரென்று பாருங்க. அவரை ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் பேசிப் பாருங்க, அந்தப் பலகைக்குக் கீழேயே. அந்தப் பேச்சில் யார் முதலில் தயங்குகிறார், என்ன காரணம் சொல்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.